மூன்று மணிக்கு ஒரு சொட்டு ரத்தம்

"சிஸ்டர், ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன். ஊசியும் போட்டேன். காலையில வெறும் வயித்துல 238 காட்டுது. சத்தியமா நான் ஒண்ணும் திருடித் திங்கல."

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுச் செவிலியர் பணியில் நான் அதிகமாகக் கேட்ட பேச்சு இதுதான். எண் மாறும். 190 என்பார்கள், 260 என்பார்கள். "திருடித் திங்கல" மட்டும் மாறாது. அறுபது வயதுப் பெரியவர், பேரன் பேத்தி எடுத்தவர், பரீட்சையில் தோற்ற பிள்ளையைப் போல மேசை முன்னால் தலைகுனிந்து நிற்பார். அது எனக்குப் பொறுக்காது. அதனால்தான் இந்தப் பேச்சுக்கு அழைத்ததும் வேறு எதையும் யோசிக்காமல், இன்சுலின் போட்டுக்கொள்பவர்களின் காலைச் சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன்.

நம் ஊருக்கு இது தூரத்து விஷயம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியோடு நாடு முழுவதும் எடுத்த கணக்கு 2023இல் வெளியானது. அதில் கோவாவுக்கு அடுத்தபடியாகச் சர்க்கரை நோய் மிகுந்த இடம் புதுச்சேரி. பெரியவர்களில் நூற்றுக்கு 26 பேர். நான்கு பேர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் அதில் ஒருவர்.

சரி, ராத்திரி சாப்பிட்டது இரண்டு இட்லி. விடிகாலையில் சர்க்கரை எங்கிருந்து வந்தது? உங்கள் கல்லீரலில் இருந்து. அந்தக் காலத்து வீட்டில் நெல் குதிர் இருக்கும் இல்லையா, அதுபோலக் கல்லீரல் சர்க்கரையைச் சேர்த்து வைத்திருக்கிறது. நாம் தூங்கும்போது மூளைக்கும் இதயத்துக்கும் அதில் இருந்துதான் படியளக்கும். விடிகாலை 3, 4 மணிக்கு மேல் உடம்பு எழுந்திருக்கத் தயாராகிறது. கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை ரத்தத்தில் கூடுகின்றன. அவை சொன்னதும் கல்லீரல் அந்தக் குதிரின் வாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிடும். நோய் இல்லாதவருக்குக் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து அதைச் சமாளித்துவிடும். உங்கள் கணையத்தால் அது முடியவில்லை. இதில் நீங்கள் செய்த குற்றம் எதுவும் இல்லை.

ஆனால் காலையில் ஏறும் சர்க்கரை எல்லாமே இந்த வகை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம், கடலுக்குப் போய் ஓய்ந்தவர். காலைச் சர்க்கரை 240க்குக் குறையவே இல்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் இரவு ஊசியில் 2 யூனிட் கூட்டினோம். 14இல் ஆரம்பித்து 22 வரைக்கும் போனது. காலை எண்ணோ இன்னும் ஏறியது. கண்டதைத் தின்கிறார் என்று அவர் காதுபடவே சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

ஒருநாள் அவர் மனைவி கூட வந்தார். மீன் வியாபாரம் செய்கிறவர். துறைமுகத்தில் ஏலம் எடுக்க 3 மணிக்கே எழுந்துவிடுவார். "சிஸ்டரம்மா, நான் கெளம்பும்போது பாத்தா, இந்த மனுசன் சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சி, கை நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்காரு. பசிக்குதுங்கிறாரு. ஒரு சொம்பு ஆர்லிக்சு கலக்கி, ஒரு பாக்கெட் பிஸ்கோத்தும் குடுத்துட்டுத்தான் போறேன். தெனமும் இதே கதைதான்."

எனக்குக் கை கால் ஓடவில்லை. அது பசி இல்லை. இரவு ஊசி அதிகமாகி, தூக்கத்திலேயே சர்க்கரை விழுந்திருக்கிறது. அந்தம்மா பயத்தில் அள்ளிக் கொடுத்தது காலையில் 240 ஆகி எங்கள் முன் வந்து நின்றது. அதைப் பார்த்து நாங்கள் ஊசியைக் கூட்டினோம். கூட்டக் கூட்ட ராத்திரியில் இன்னும் விழுந்தது. அந்த இரவே 3 மணிக்குச் சோதிக்கச் சொன்னோம். 52. மருத்துவர் மறுநாளே அளவைக் குறைத்தார். நாங்கள் அந்த ஒரு கேள்வியை முதல் மாதமே கேட்டிருக்க வேண்டும்.

இரவில் சர்க்கரை விழுந்தால் உடம்பே பதறி, காலையில் தானாக ஏற்றிவிடும் என்று 1930களில் மைக்கேல் சோமோஜி என்ற விஞ்ஞானி சொன்னார். பாடப் புத்தகங்களிலும் வெகுகாலம் அப்படியே இருந்தது. இப்போது கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வந்து இரவு முழுக்கச் சர்க்கரையைப் பார்க்க முடிகிறது. இரவில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் காலையிலும் தாழ்வாகத்தான் எழுகிறார்கள் என்று அதில் தெரிந்தது. தானாக எகிறுவது முன்பு நினைத்த அளவு இல்லை. அந்தப் பெரியவருக்கு ஏற்றிவிட்டது சொம்பு ஆர்லிக்ஸ்தான்.

ஆகவே காலை எண்ணை மட்டும் பார்த்து இரவு ஊசியைக் கூட்டாதீர்கள். நீங்களாகவும் கூட்டாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும் கூட்டாதீர்கள். மூன்று எண் வேண்டும். படுக்கப் போகும்போது ஒன்று, 3 மணிக்கு ஒன்று, விடிந்ததும் ஒன்று. மூன்று, நான்கு இரவு போதும். ஸ்ட்ரிப் விலை எனக்குத் தெரியும், வருடம் முழுக்கச் செய்யச் சொல்லவில்லை.

அந்த மூன்று எண்ணையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். படுக்கும்போதே 260 என்றால் சிக்கல் விடிகாலையில் இல்லை, இரவுச் சாப்பாட்டில். படுக்கும்போது 140, 3 மணிக்கும் 140, காலையில் மட்டும் 220 என்றால் அதுதான் நான் சொன்ன கல்லீரல் கதை. படுக்கும்போது 140, 3 மணிக்கு 60 என்றால் ஊசி அதிகம். அன்றைக்குக் காலை எண் எவ்வளவு இருந்தாலும் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டியது அந்த 60ஐத்தான். படுத்ததில் இருந்து விடியும்வரை படிப்படியாக ஏறிக்கொண்டே போனால் இரவு முழுக்கத் தாங்கும் இன்சுலின் போதவில்லை. அல்லது பத்து மணிக்குச் சாப்பிட்ட பரோட்டாவும் சால்னாவும். எண்ணெய் சேர்ந்த சாப்பாடு மெல்லச் செரிக்கும், சர்க்கரை நடுராத்திரிக்கு மேல்தான் ஏறும்.

நம் பக்கம் பலரும் போடுவது கலங்கலாக இருக்கும் 30/70 கலவை. அதில் 30 பங்கு சாப்பாட்டுக்கு, 70 பங்கு நின்று வேலை செய்ய. அந்த 70 பங்கு, போட்டதில் இருந்து சுமார் 4 மணி நேரத்தில் வீரியம் பிடித்து, 10 மணி நேரத்துக்குள் தளர ஆரம்பிக்கும். இரவு ஏழரைக்குப் போட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி, இரண்டு மணிக்கு உச்சத்தில் இருக்கும். கல்லீரல் குதிரின் வாயைத் திறக்கிற நேரத்தில் ஓய்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் சிலருக்கு மருத்துவர் இரண்டையும் பிரித்து, நின்று வேலை செய்யும் ஊசியைப் படுக்கும்போது போடச் சொல்வார். கிளார்ஜின், டெக்லுடெக் போல ஏறத்தாழ நாள் முழுக்கச் சீராக இருப்பவற்றுக்கு மாற்றவும் செய்வார். அதை முடிவு செய்யத்தான் அவருக்கு உங்கள் மூன்று எண் வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் இன்சுலின் உள்ளே போய்ச் சேராதது இன்னொன்று. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் வருடக்கணக்காகக் குத்துபவர்களைக் கேட்டால் "அங்க வலிக்காது சிஸ்டர்" என்பார்கள். வலிக்காததே ஆபத்து. அந்த இடம் தடித்துக் கொழுப்புக் கட்டியாகி இருக்கும். இன்சுலின் ஒருநாள் ஊறும், ஒருநாள் ஊறாது. விரலால் தடவிப் பாருங்கள், கையில் தட்டுப்படும். வயிறு, தொடை என்று இடம் மாற்றி, ஒவ்வொரு குத்துக்கும் ஒரு விரல் இடைவெளி விட்டுப் போடுங்கள். புது இடத்துக்கு மாறும்போது அதே அளவு திடீரென்று முழுசாக வேலை செய்யும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள்.

சிரிஞ்சின் மூடி நிறத்தையும் பாருங்கள். சிவப்பு மூடி, ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் மருந்துக்கானது; ஆரஞ்சு மூடி, 100 யூனிட் இருக்கும் மருந்துக்கானது. மருந்துக் குப்பியிலும் 40 அல்லது 100 என்று போட்டிருக்கும். 40 குப்பியில் இருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் உடம்பில் போவது 8 யூனிட்தான். 100 குப்பியில் இருந்து சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட் போய்விடும். உயிருக்கே ஆபத்து. கலங்கல் மருந்தைக் குலுக்காமல் உள்ளங்கையில் பத்து முறை உருட்டி, பத்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். அடியில் வெள்ளையாகத் தங்கியதை அப்படியே விட்டுவிட்டு மேல் தண்ணீரை இழுத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புயலைச் சொல்லாமல் கடலூர்க்காரி இங்கிருந்து எழுந்து போக முடியாது. 2011 டிசம்பர் 30, 'தானே' புயல். அதன்பின் கிராமங்களில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது உங்களுக்கே தெரியும். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரியில், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஃபிரீசரில் கூடாது, உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டிலும், கரண்ட் போன நாளிலும் ஒரு பெரிய மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, அதற்குள் சின்னச் சட்டி வைத்து, குப்பியைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள். ஈரத்துணியால் மூடி, நிழலில் இருக்கட்டும். மணல் காயக் கூடாது. கத்திரி வெயிலில் ஜன்னல் ஓரம் கிடந்த மருந்தைப் போட்டுவிட்டுச் சர்க்கரை குறையவில்லையே என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

3 மணிக்கு 70க்குக் கீழே காட்டினால் சொம்பு ஆர்லிக்ஸ் வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். இன்னும் 70க்குக் கீழ் என்றால் இன்னொரு முறை. 70ஐத் தாண்டிய பிறகு இரண்டு பிஸ்கட் போதும். நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். பெண்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்தில் படுத்திருப்பவர் வியர்த்து, உளறி, கெட்ட கனவு கண்டதுபோல் முழித்தால் அதை "சும்மா" என்று விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள். தூங்குகிறவருக்குத் தெரியாதது உங்களுக்குத்தான் தெரியும்.

காலை எண் 80இல் இருந்து 130க்குள் என்பது பொதுவான இலக்கு. வயதானவர், தனியாக இருப்பவர், அடிக்கடி சர்க்கரை விழுபவர் என்றால் மருத்துவரே அதைத் தளர்த்துவார். நல்ல எண் காட்ட வேண்டும் என்பதற்காக ஊசியைப் போட்டுவிட்டு இரவில் பட்டினி கிடக்காதீர்கள். திட்டுவார்கள் என்று பயந்து நோட்டில் எண்ணைத் திருத்தியும் எழுதாதீர்கள். 238 என்றால் 238 என்றே எழுதுங்கள்.

அந்தப் பெரியவர் அடுத்த மாதம் வந்தபோது சர்க்கரை 146. பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நாளுக்கும் மூன்று எண். 3 மணிக் கட்டத்தில் இருந்தது மட்டும் அவர் மனைவியின் கையெழுத்து. ஏலத்துக்குக் கிளம்பும் முன் அவர்தான் விரலில் குத்திப் பார்த்து எழுதியிருந்தார்.

வணக்கம்.