உப்புச் சுடரும் மூன்றாம் சக்திமட்டமும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். அணுவின் சக்திமட்டங்களில் இலத்திரன்கள் காணப்படக்கூடிய பகுதிகளே ஒபிற்றல்கள்; அவை எஸ், பீ, டீ, எஃப் என வகைப்படும். கொழும்பில் உயர்தர இரசாயனவியல் பயிலும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மூன்றாம் சக்திமட்டத்தின் டீ ஒபிற்றல்கள் ஐந்தும் வெறுமையாக இருக்க, பொற்றாசியத்தின் 19ஆவது இலத்திரன் நான்காம் மட்டத்து எஸ் ஒபிற்றலுக்கு ஏன் செல்கிறது?

இதற்கான விடையை நான் அடுப்படியிலிருந்தே தொடங்குவேன். உப்பிட்ட நீர் பொங்கி வழிந்து வாயு அடுப்பில் பட்டால், நீலச் சுடர் ஒரு கணம் மஞ்சளாவதைக் கண்டிருப்பீர்கள். சோடியம் அணுவின் வெளி இலத்திரன் மூன்றாம் மட்டத்துப் பீ ஒபிற்றலிலிருந்து அதே மட்டத்து எஸ் ஒபிற்றலுக்கு இறங்கும்போது வெளியாகும், ஏறத்தாழ 589 நனோமீற்றர் அலைநீளமுடைய ஒளி அது.

ஒரே இலத்திரனைக் கொண்ட ஐதரசனில் மூன்றாம் மட்டத்து எஸ், பீ, டீ ஒபிற்றல்கள் அனைத்தும் ஏறத்தாழச் சம சக்தியுடையவை. சோடியத்திலும் அவ்வாறே இருந்திருந்தால் அந்த மஞ்சள் நமக்குக் கிடைத்திராது. சோடியத்திலோ உள்ளிருக்கும் 10 இலத்திரன்கள் கருவின் 11 நேரேற்றங்களை வெளி இலத்திரனிடமிருந்து பெருமளவு மறைக்கின்றன. எஸ் ஒபிற்றலிலுள்ள இலத்திரன் அந்த மறைப்பை ஊடுருவிக் கருவுக்கு மிக அண்மையிலும் காணப்படக்கூடியது என்பதால், அதிகக் கவர்ச்சிக்கு உட்பட்டுத் தாழ்ந்த சக்தியைப் பெறுகிறது. பீ ஒபிற்றலின் ஊடுருவல் அதனிலும் குறைவு, டீயின் ஊடுருவல் மிகக் குறைவு. எஸ்ஸுக்கும் பீக்கும் இடையே இவ்வாறு விழும் இடைவெளி, சோடியத்தில் ஏறத்தாழ 2.1 இலத்திரன்வோல்ற்று.

ஓர் ஒபிற்றலில் இரண்டு இலத்திரன்களுக்கு மேல் இருக்க முடியாது என்பது 1925இல் பௌதிகவியலாளர் பவுலி கூறிய தவிர்ப்புத் தத்துவத்தின் விளைவு. எனவே முறையே 1, 3, 5, 7 ஒபிற்றல்களைக் கொண்ட எஸ், பீ, டீ, எஃப் உபசக்திமட்டங்கள் 2, 6, 10, 14 இலத்திரன்களை ஏற்கின்றன.

பொற்றாசியத்தில் இந்த ஊடுருவலின் வலிமையால் நான்காம் மட்டத்து எஸ், மூன்றாம் மட்டத்து டீக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆனால் ஒபிற்றல்கள் நிரம்பும் வரிசையைக் காட்ட மாணவர்கள் மனனம் செய்யும் அம்புக்குறிப் படத்தை எல்லா மூலகங்களுக்கும் பொதுவான சக்தி வரிசையாகக் கொள்வது தவறு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கருவேற்றம் கூடக்கூட டீ ஒபிற்றல்கள் சுருங்கிச் சக்தியில் விரைவாகத் தாழ்கின்றன; ஸ்கண்டியத்திலிருந்து அவையே கீழே நிற்கின்றன. ஆகவேதான் இரும்பு அயனாகும்போது முதலில் நான்காம் மட்டத்து எஸ் இலத்திரன்கள் இரண்டும் நீங்குகின்றன. மூன்றாவதாக டீ இலத்திரன் ஒன்று நீங்கியபின், ஐந்து டீ ஒபிற்றல்களிலும் ஒவ்வோர் இலத்திரன் தனித்து நிற்கிறது.