பென்சில் கோடு

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நீலகிரியில் உள்ள நம் கேத்திப் பள்ளத்தாக்கு உலகத்திலேயே இரண்டாவது பெரியது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். யார் அளந்தது என்று கேட்டால் பதில் வராது. அந்தப் பட்டம் நமக்கு எதற்கு? லவ்டேல் தாண்டி மலை ரயில் வளையும்போது எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்புகிறதே, அது போதாதா?

ஆனால் நான் இன்று பேச வந்தது கட்டட விதியைப் பற்றி. தூக்கம் வந்தால் தூங்குங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பல வருடம் வரைபட மேசையில் உட்கார்ந்தவன் நான். பள்ளத்தாக்கு ஒரே நாளில் போவதில்லை. சரிவில் கால் ஏக்கரைத் துண்டு போடுவார்கள். மனை சமன் ஆக வேண்டுமென்று பின்பக்கத்து மலையைச் செங்குத்தாக வெட்டுவார்கள். போய்ப் பாருங்கள்: சிவப்பு மண் ஈரமாக மினுங்கும், தேயிலைச் செடியின் வேர் அந்தரத்தில் தொங்கும். கீழே இருந்த ஓடை சிமெண்ட் குழாய்க்குள் போயிருக்கும், அதன்மேல் கார் நிற்கும். மனுவைப் பார்த்தால் சின்னதாக, நியாயமாகத்தான் இருக்கும். மறுக்க மனசு வராது. அப்படி நாற்பது மனு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எந்த மனுவும் சொல்லாது. அதை முன்கூட்டியே சொல்ல வேண்டியது முழுமைத் திட்டம், நீங்கள் மாஸ்டர் பிளான் என்கிறீர்களே, அது.

2009 நவம்பரில் இங்கே ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கிய நாளில் தாம்பரத்தில் பதிவானதே 49 தான். 2009ல் அந்த மழை வாரத்தில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். அத்தனை மழையை எந்த விதியும் நிறுத்தாது, ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் இறங்கும் வழியில் யார் வீடு நிற்கிறது என்பதை மட்டும் விதியால் தீர்மானிக்க முடியும்.

விதி இல்லாமலா இருக்கிறோம்? 1971லேயே நகர் ஊரமைப்புச் சட்டம் வந்துவிட்டது. 1990ல் மலையிடப் பாதுகாப்புக்கென்று தனி ஆணையம், நாம் ஹாகா என்பது. 1993ல் மலை நகரங்களுக்குத் தனிக் கட்டட விதி. உயரம் ஏழு மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும்.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கொடைக்கானலில் ஒரு ஓட்டலுக்கு இரண்டு தளத்துக்கு அனுமதி, எழுந்ததோ ஏழு. விலக்கு அளிக்கும் பிரிவு என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது, அதை வைத்து 1994ல் அரசு அதற்குச் சம்மதம் கொடுத்தது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றத்தார் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது, 1995ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஜெயித்தார்கள், சரி. ஆனால் கட்டடம் எழுந்த பிறகு அல்லவா அந்த ஓட்டம்? ஆகவே முழுமைத் திட்டத்தின் வரைவு கையில் வந்தால் முதலில் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். விலக்கு யார் கையில், எந்தக் காரணத்துக்கு, யாரைக் கேட்டுவிட்டு? அங்கே குறி வையுங்கள்.

இன்னொன்று. எதையுமே கட்டக் கூடாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கேரட் விலை விழுந்த வருடம் இங்கே விவசாயி படும் பாடு பால்கனியில் நின்று பனியை ரசிப்பவருக்குத் தெரியாது. ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், மகனுக்குக் கல்யாணம் ஆனால் ஒரு அறை தேவைப்படும். அந்த அறைக்கு இடம் விடாத திட்டம் ஊராரையே திருட்டுத்தனமாகக் கட்ட வைக்கும். ஊரை ஒட்டி வீட்டுக்கு இடம் ஒதுக்கட்டும். விடுதிக்கு வேறு கணக்கு, வேறு கேள்வி.

கேத்தி பேரூராட்சி. அரசியலமைப்பின் 12ஆம் அட்டவணை நகர்ப்புற உள்ளாட்சிக்கென்று போட்ட பட்டியலில் முதல் இனமே நகரமைப்பு. அதிகாரம் முழுசாக இறங்கி வந்ததா என்பது வேறு விஷயம். வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் எழுதிக் கொடுக்கும் உரிமை யாருக்கும் உண்டு. "இயற்கையைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் கோப்பில் கட்டிவிடுவார்கள். "இந்தப் புல எண்ணில் ஓடை இருக்கிறது, வரைபடத்தில் விட்டுப்போயிருக்கிறது" என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

வாசல் பக்கம் மேசையில் கிராம வரைபடம் விரித்து வைத்திருக்கிறோம். பென்சிலும் இருக்கிறது. 2009ல் தண்ணீர் எந்த வழியாக இறங்கியது என்று பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். தேநீர் குடித்துவிட்டு வந்து கோடு போட்டுக் கொடுங்கள். வணக்கம்.