46 டாலர் உங்களுக்கான கட்டணம் இல்லை: கம்யூனிட்டி காலேஜ் வழியாக அமெரிக்கப் பட்டம்

[திரையில்: ஒரு யூனிட் – 46 டாலர்]

கம்யூனிட்டி காலேஜ் என்பது அமெரிக்காவில் முதல் இரண்டு வருடப் பட்டப்படிப்புப் பாடங்களை நடத்தும் கல்லூரி. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைச் சொல்லும் ஒரு கிரெடிட்டுக்கு, இந்த 46 டாலர்தான். இது அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கான கட்டணம். எஃப்-1 விசாவில், அதாவது மாணவர் விசாவில், போகிறவர் இதைப் போலப் பல மடங்கு கட்ட வேண்டும். பல கல்லூரிகளில் வருடத்துக்கு 10,000 டாலரை ஒட்டி வரும், சில இடங்களில் அதையும் தாண்டும். 46-ஐ வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்படியும் இது நல்ல வழி என்றுதான் நினைக்கிறேன். யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவில், அதாவது யூசியில், வெளிநாட்டு மாணவர் வழக்கமான கட்டணத்தைக் கட்டி, அதற்கு மேல் வருடம் 30,000 டாலருக்கும் அதிகமாகத் தனியாகக் கட்ட வேண்டும். முதல் இரண்டு வருடப் பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜில் முடித்துவிட்டு மூன்றாம் வருடம் யூசிக்கு மாறினால், கடைசியில் கைக்கு வருவது யூசி பட்டம்தான்.

[திரையில்: கலிஃபோர்னியா வரைபடம், ஆறு புள்ளிகள்]

டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ். யூசியின் இந்த ஆறு வளாகங்களிலும் டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி, சுருக்கமாக 'டேக்', உண்டு. கேட்ட பாடங்களைக் கேட்ட மதிப்பெண்ணோடு முடித்தால் இடம் உறுதி. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் டேக் போட முடியும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி போட்டி அதிகமுள்ள பிரிவுகளுக்குச் சில வளாகங்கள் டேக் கொடுப்பதில்லை. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோவில் டேக் கிடையாது, போட்டியிட்டுத்தான் நுழைய வேண்டும்.

டேக் விண்ணப்பம் செப்டம்பரில். இரண்டே வருடத்தில் மாற நினைப்பவர் அப்போது ஒரு வருடம்தான் படித்திருப்பார். அதனால் முதல் செமஸ்டரில் எடுக்கும் பாடமே முக்கியம்.

[திரையில்: அசிஸ்ட் இணையதளம்]

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரே கல்லூரியில் இரண்டு வகை இயற்பியல் இருக்கும், ஒன்று கால்குலஸோடு, இன்னொன்று அது இல்லாமல். இன்ஜினியரிங்குக்கு மாற நினைப்பவர் எளிதாக இருக்கிறதே என்று இரண்டாவதை எடுத்தால், யூசி கேட்கும் இயற்பியலை மறுபடி படிக்க வேண்டிவரும். ஒரு செமஸ்டர் கூடினால் அதற்கான கட்டணமும் வாடகையும் கூடும். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தில் செல்லும் என்பதை 'அசிஸ்ட்' தளம் இலவசமாகக் காட்டுகிறது. மதுரையில் வீட்டில் உட்கார்ந்தபடியே, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, அதைப் பார்த்துவிடலாம். ஏஜென்ட்டிடம் போகும் முன் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

[திரையில்: வாடகை வீட்டின் சாவி]

பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் ஹாஸ்டல் இல்லை. டி ஆன்சா காலேஜ் இருக்கும் கூப்பர்டினோவில் அறை வாடகை பட்ஜெட்டையே புரட்டிவிடும். விசா விதிப்படி ஒவ்வொரு செமஸ்டரும் 12 யூனிட்டாவது படிக்க வேண்டும், அந்தக் கணக்கில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான் சேரும். கல்லூரி நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். அந்தச் சம்பளம் கைச்செலவுக்கு உதவும், படிப்புக் கட்டணத்துக்குக் காணாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மிச்சமாவது முதல் இரண்டு வருடக் கட்டணத்தில் மட்டுமே. மூன்றாம், நான்காம் வருடத்துக்கு யூசியின் முழுக் கட்டணத்தையும் கட்டியாக வேண்டும். கல்விக் கடன் கேட்கப் போகும்போது நான்கு வருடத் தொகையையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.