ஊளையிட்ட மைவியும் 30 வெள்ளி கூலியும்

வணக்கம் மக்களே! இன்றைக்குக் கொஞ்சம் கடுப்பிலும் கொஞ்சம் குஷியிலும் இருக்கிறேன். நம்ம பழைய மைவி கார் பினாங்கு பாலத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஊளையிடுவதைப் போன வீடியோவிலேயே கேட்டீர்கள். டயர் சத்தம்தான் என்று கமெண்டில் அடித்துச் சொன்ன புண்ணியவான்களே, டயர் இல்லை, வலது முன்சக்கர பேரிங், அதாவது சக்கரம் வழுக்கிச் சுழல உள்ளே குண்டுகள் வைத்த இரட்டை வளையம்! ஸ்டீரிங்கை லேசாக இடது பக்கம் திருப்பினால் காரின் எடை வலது சக்கரத்துக்குப் போகும், சத்தம் ஏறியது. வலது பக்கம் திருப்பினால் அடங்கியது. அப்புறம் ஜேக்கில் ஏற்றி, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் கரகரப்பு விரலிலேயே தெரிகிறது.

பேரிங் 95 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), கோயோ பிராண்ட். அதில் எனக்கு வருத்தமே இல்லை. வயிற்றெரிச்சல் கூலியில்தான். பேரிங் உட்காரும் இரும்புக் கூடான நக்கிளை நானே கழற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், வீட்டுப் பக்கத்து வர்க்‌ஷாப்பில் பேரிங் மாற்ற மட்டும் 80 வெள்ளி கேட்கிறார்கள். அதுவும் பிரஸ் மெஷினில் இல்லை மக்களே, சுத்தியலால்! நக்கிளுக்குள் இறக்கும்போது பேரிங்கின் வெளிவளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் விழும், புதுப் பேரிங் வீட்டுக்கு வருவதற்குள் பாட ஆரம்பித்துவிடும். திரும்ப ஹப்பை, அதாவது சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதியை, ஏற்றும்போது உள்வளையத்துக்குத்தான் அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னதற்கு அந்த ஃபோர்மேன் என்னை ஒரு பார்வை பார்த்தார், பாருங்கள்!

நேராக ஜெலுத்தோங்கில் ஒரு சீன அங்கிளிடம் போனேன். 30 வெள்ளி. முப்பதே வெள்ளி! ஹப்பை வெளியே தள்ளியதும் பழைய உள்வளையத்தில் பாதி ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அங்கிள் அலட்டிக்கொள்ளவே இல்லை. கிரைண்டரால் வளையத்தில் சாய்வாக ஒரு கீறல், ஹப்பில் படாமல், தலைமுடி அளவு மிச்சம் விட்டு. உளியை வைத்து ஒரே தட்டு. 'டிக்' என்று பிளந்து கீழே விழுந்தது. அந்த இடத்தை ஸ்லோ மோஷனில் போட்டிருக்கிறேன், திரும்பத் திரும்பப் பாருங்கள்.

ஆ, ஒன்று விட்டுப்போச்சு. ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உள்ள பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்க சீல் காந்தமாக இருக்கும், அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். சின்ன பேப்பர் கிளிப்பை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மாற்றிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு அணையாது, மறுபடியும் முதலிலிருந்து. ஹப்பை ஏற்றுவதற்கு முன்னால், பேரிங் நகராமல் பிடிக்கும் வளையமான சர்க்லிப் அதன் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். ஆக்சில் நட் புதிதாகப் போடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். அதை முறுக்குவதற்கு முன் காரின் எடையைச் சக்கரத்தில் இறக்காதீர்கள்.

கிரீஸ் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இது சீல் வைத்தது, திறக்கவே கூடாது. அதெல்லாம் அப்பா காலத்து டட்சன் 120ஒய் முன்சக்கரத்துக்குத்தான்.

இடது பக்கம் அமைதியாக இருக்கிறது, தொடவில்லை. ஜோடியாக மாற்றச் சொல்லும் கடைக்காரர்கள் காசு கொடுக்கட்டும், மாற்றுகிறேன். அப்சார்பர் போல்ட்டைக் கழற்றியதால் கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம், மாறியிருக்கும், அதைச் சரிசெய்ய நாளைக்கு அலைன்மென்ட். அங்கே எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்ப்போம்.