பள்ளிக்கூட வாசலுக்கு வந்த பணம்

நேயர்களுக்கு வணக்கம்.

உகாண்டா என்றால் நம்மில் வயதானவர்களுக்கு அந்த நாட்டை ஆண்ட சர்வாதிகாரி இடி அமீன் ஞாபகம் வரும். எனக்கு 13 என்ற எண்தான் ஞாபகம் வரும். கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த காலத்தில் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, இது என்னவாக இருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்பேன். ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை.

1990களின் தொடக்கத்தில் உகாண்டா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு, பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு ஒரு மானியம் ஒதுக்கியது. ஆசிரியர் சம்பளத்தில் சேராத பணம் அது. புத்தகம், சாக்பீஸ் மாதிரி செலவுகளுக்கு. பட்ஜெட்டில் தொகை கூடிக்கொண்டே போனது, பள்ளிக்கூடங்கள் மட்டும் அப்படியே கிடந்தன. சந்தேகம் வந்தது. 1996இல் 18 மாவட்டங்களில் 250 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். உலக வங்கியின் பொருளாதார நிபுணர்களும் அதில் இருந்தார்கள். 1991 முதல் 1995 வரை, தலைநகர் கம்பாலாவிலிருந்து 100 ஷில்லிங் கிளம்பினால் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது சராசரியாக 13 ஷில்லிங். பாதிக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குச் சல்லிக்காசு வரவில்லை.

மீதி மாவட்ட அலுவலகங்களிலேயே தங்கிவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! எல்லாவற்றையும் யாரோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நிர்வாகச் செலவு, உள்ளூர் அரசியல் என்று நிறையப் பணம் அங்கேயே கரைந்தது. வசதியான பெற்றோர் உள்ள பள்ளிகள் விடாமல் கேட்டு ஓரளவு வாங்கிக்கொண்டன. ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகளுக்கு, அப்படி ஒரு பணம் இருப்பதே தெரியாது. பெற்றோர் கட்டிய கட்டணத்தில்தான் அவை ஓடிக்கொண்டிருந்தன.

இந்த நிலையில்தான் 1997 ஜனவரியில் தொடக்கக் கல்வி இலவசம் என்று ஆனது. முந்தைய ஆண்டு தேர்தலில் அதிபர் முசேவெனி கொடுத்த வாக்குறுதி அது. முதலில் குடும்பத்துக்கு 4 பிள்ளைகள் என்றார்கள், பிறகு எல்லாருக்கும் என்றார்கள். 30 லட்சத்தைச் சுற்றி இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 50 லட்சத்தைத் தாண்டியது. யோசித்துப் பாருங்கள். ஜனவரியில் பள்ளி திறக்கிறது, வாசலில் கூட்டம், உள்ளே பெஞ்சு இல்லை, வகுப்பறை இல்லை, வாத்தியாரும் இல்லை. மரத்தடியில் நூறு பிள்ளைகள்.

கையில் பணம் இல்லாத நாடு. அரசு செலவில் ஏறத்தாழப் பாதி வெளிநாட்டு உதவியில் நடந்த காலம் அது. அதுவரை உதவி எப்படி வந்தது தெரியுமா? ஒரு நாடு வந்து கட்டடம் கட்டும். இன்னொரு நாடு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தும். ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனி ஜீப், தனி வங்கிக் கணக்கு, தனி அறிக்கைப் படிவம். அமைச்சகத்தில் இருக்கும் ஒரு நல்ல அதிகாரியின் வாரம் முழுவதும் விருந்தாளிகளை வரவேற்பதிலும் படிவம் நிரப்புவதிலுமே போய்விடும். நாட்டுக்கு என்ன தேவை என்று யோசிக்க அவருக்கு நேரம் ஏது?

1998இல் இதை மாற்றினார்கள். 2003 வரைக்குமான ஒரே கல்வித் திட்டத்தை அரசு எழுதியது. பிரிட்டன், நெதர்லாந்து, அயர்லாந்து, ஐரோப்பிய ஒன்றியம், உலக வங்கி எல்லாரும் அந்தத் திட்டத்துக்குப் பின்னால் நின்றார்கள். பலர் பணத்தை நேரடியாக அரசு பட்ஜெட்டிலேயே போட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், ஏழை நாடுகளுக்கான கடன் நிவாரணத் திட்டத்தில் முதலாவதாகக் கடன் குறைப்புப் பெற்ற நாடும் உகாண்டாதான். அந்த மிச்சப் பணத்தை வறுமை ஒழிப்புக்கென்று ஒரு தனி நிதியில் போட்டுப் பூட்டி வைத்தார்கள், வேறு செலவுக்கு எடுக்க முடியாதபடி.

ஆண்டுக்கு 2 முறை எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று பார்ப்பார்கள். சொன்னபடி நடந்திருந்தால்தான் அடுத்த தவணை வரும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அமைச்சகம் கணக்குச் சொன்னது பணம் கொடுத்தவர்களுக்கு. அந்த மேசையில் பிள்ளையின் அப்பா அம்மாவுக்கு நாற்காலி இல்லை.

அவர்களிடம் கணக்கு போய்ச் சேர்ந்தது வேறு வழியில். 13 ஷில்லிங் விஷயம் வெளியே வந்ததும், எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதை மாதாமாதம் செய்தித்தாளில் போட ஆரம்பித்தது அரசு. பள்ளிக்கு வந்த தொகையைப் பள்ளிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்றும் உத்தரவு போட்டது. ஒரு பலகை, கொஞ்சம் பசை, ஒரு தாள். 2001இல் மறுபடி அளந்தபோது நூற்றுக்கு 80க்கு மேல் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தது. செய்தித்தாள் விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிகளில் முன்னேற்றம் இன்னும் கூடுதல்.

இந்தக் கதை உலகம் முழுக்கச் சுற்றியது. நானும் பல ஆண்டுகள் இதை ரொம்ப உற்சாகமாகச் சொல்லியிருக்கிறேன். அப்புறம் சில ஆய்வாளர்கள், அவசரப்படாதீர்கள் என்றார்கள். அதே காலத்தில்தான் பணம் அனுப்பும் முறையே மாறியது, இலவசக் கல்வி வந்தது, உதவி தரும் நாடுகளும் இதையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தன. எல்லாப் பெருமையையும் செய்தித்தாளுக்கே கொடுக்கலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பலகை மட்டும் தனியாக இதைச் சாதித்தது என்று இப்போது நான் சொல்வதில்லை.

சரி, பணம் வந்தது. படிப்பு வந்ததா? 2002, 2003 வாக்கில் பல நாடுகளில் முன்னறிவிப்பு இல்லாமல் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். உகாண்டாவில் 100 ஆசிரியர்களில் 27 பேர் பள்ளியில் இல்லை. அதே ஆய்வில் இந்தியாவின் கணக்கு 25, அதனால் நாம் சிரிக்க முடியாது. கட்டடத்தை எண்ணலாம், பெஞ்சை எண்ணலாம், சேர்ந்த பிள்ளைகளை எண்ணலாம். ஆண்டுக்கு 2 முறை கூடிய அந்த மேசைக்கு எண்ணக்கூடியவை பிடித்திருந்தன.

2012இல் இன்னொரு அடி. பிரதமர் அலுவலகத்துக்கு வந்த உதவிப் பணம், தனியார் கணக்குகளுக்குப் போனதை அந்த நாட்டின் தலைமைத் தணிக்கையாளரே கண்டுபிடித்தார். வடக்கு உகாண்டாவின் மறுவாழ்வுக்கு அயர்லாந்து, நார்வே, சுவீடன், டென்மார்க் கொடுத்த பணம் அது. பள்ளிக்கூடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இருந்தாலும் பல நாடுகள் அரசு பட்ஜெட்டுக்குக் கொடுத்துவந்த உதவியை நிறுத்திவைத்தன. எல்லாரும் ஒரே பெட்டியில் பணம் போடும் ஏற்பாட்டில் இப்படியும் ஒரு சிக்கல். இப்போது அந்தப் பெட்டியில் போட ஆட்களே குறைகிறார்கள். வெளிநாடுகளுக்கு உதவி கொடுத்துவந்த அமெரிக்க அரசு அமைப்பான யூஎஸ்எய்ட் 2025 ஜூலையில் மூடப்பட்டது. பிரிட்டன் தன் உதவியை தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாக 2027க்குள் குறைக்கப்போவதாக அறிவித்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. நம் ஊரில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் 'அசர்' ஆய்வு 2005 முதல் நடக்கிறது அல்லவா? அதைப் பார்த்துக் கிழக்கு ஆப்பிரிக்காவில் 'உவேசோ' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே பேசப்படும் சுவாஹிலி மொழியில் 'திறன்' என்று பொருள். 2010இல் உகாண்டாவில் அவர்கள் பார்த்தபோது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரால் இரண்டாம் வகுப்புக் கதை ஒன்றை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. பள்ளிச் சுவரில் தொகை ஒட்டியிருக்கிறது. படிக்கத் தெரியாத தகப்பன் ஒருவர் அதன் முன்னால் நின்று, "என்ன போட்டிருக்கு, வாசி" என்று தன் பிள்ளையைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.