பின்னி மில்லைச் சுற்றி யார் மிச்சம்?

பெரியோர்களே, தோழர்களே, வணக்கம்.

வடசென்னையின் பெரம்பூர், ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்பு. இந்தப் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிப் பழக்கியது ஒரு மில். ஏட்டில் அதற்குப் பக்கிங்காம் அண்டு கர்நாடிக் ஆலை என்று பேர். தெருவில் பின்னி மில். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓடத் தொடங்கி 1996-ல் மூடப்பட்டது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் காக்கித் துணி நெய்து பேர் வாங்கிய ஆலை. அதன் நிலத்தில் கொஞ்ச காலம் சினிமா செட் போட்டார்கள். இப்போது அடுக்குமாடிகள் எழுகின்றன. மாதவரத்திலிருந்து சிறுசேரி போகும் மெட்ரோவுக்கு பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, பட்டாளம் என்று வரிசையாக நிலையங்கள். நிலத்துக்கு விலை ஏறாமல் இருக்குமா?

இப்படி உழைப்பாளிகளின் ஊர் வசதியுள்ளவர்களின் ஊராக மாறுவதை ஆய்வாளர்கள் மேட்டுக்குடியாக்கம் என்கிறார்கள். நம் மேடைகளில் இந்தப் பேச்சு வந்தாலே கானா போச்சு, கேரம் போச்சு, குத்துச்சண்டை போச்சு என்று தொடங்கிவிடுகிறோம். நான் வாடகையிலிருந்து தொடங்குகிறேன். பாடுகிறவன் குடியிருக்க வீடு இருந்தால்தான் அந்தத் தெருவில் பாட்டு இருக்கும்.

ஒரு கிரவுண்டு மனை, 2,400 சதுர அடி. அதில் பழைய ஒண்டுக்குடித்தன வீடு ஒன்று. எட்டு போர்ஷன், ஒரு அடிபம்பு, பொதுக் கழிப்பறை, தெருவைப் பார்த்த திண்ணை. வீட்டுக்காரரிடம் ஒரு பில்டர் வருகிறார். ‘மனை உங்களுடையது, கட்டுகிற செலவு எங்களுடையது, ஆளுக்குப் பாதி’ என்று ஒப்பந்தம். கீழே கார் நிறுத்த ஸ்டில்ட், மேலே இரண்டு படுக்கையறை வீடுகள் ஐந்தாறு. கணக்குப் பார்த்தால் வீடுகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் போன எட்டுக் குடும்பத்தில் ஒரு குடும்பமாவது திரும்பி வர முடியுமா? அந்த ஒப்பந்தத்தில் வாடகைக்காரர் பேர் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

திண்ணை போன இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். காலையில் இட்லி விற்கிற அம்மா கூடையை இறக்கி வைத்தது அங்கேதான். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கப் போகும் முன் பேப்பர் படித்தது அங்கேதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளைப் பத்துக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்ததும் அங்கிருந்துதான். இன்று அதே பத்தடியில் இரும்பு கேட்டும், ‘கேட்டின் முன் வண்டி நிறுத்தாதீர்’ பலகையும். இட்லிக்கார அம்மாவை யாரும் விரட்டவில்லை. கூடையை இறக்க இடமில்லாததால் அவரே போய்விட்டார்.

அடுத்தது போக்கியம். மாத வாடகை கொடுக்க முடியாதவர்கள் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து இரண்டு மூன்று வருஷம் குடியிருப்பது இந்தப் பக்கம் சகஜம். உதாரணத்துக்கு, மூன்று லட்சம் கொடுத்து உட்காருகிறார் ஒரு ஆட்டோ ஓட்டுநர். மூன்று வருஷம் கழித்து வீடு இடிக்கப் போகிறார்கள், மூன்று லட்சமும் முழுசாகக் கைக்கு வருகிறது. யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் அடுத்த தெருவில் அதே அளவு வீட்டுக்கு ஐந்து லட்சம் கேட்கிறார்கள். மூன்று லட்சத்துக்கு வீடு எங்கே கிடைக்கிறதோ அங்கே போய்ச் சேருகிறார், செங்குன்றம் பக்கமோ அதைத் தாண்டியோ. சண்டையும் இல்லை, ஊர்வலமும் இல்லை. அதனால்தான் இது கணக்கிலேயே வருவதில்லை.

சட்டம் ஏதும் இல்லையா என்றால், இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. நம் தெருக்களில் எத்தனை குடித்தனம் எழுத்தில் இருக்கிறது? வாய்ப்பேச்சில் உட்கார்ந்தவர் வாய்ப்பேச்சிலேயே எழுந்திருக்க வேண்டியதாகிறது.

அடிமனை விஷயம் இன்னும் பழசு. நிலம் ஒருவருடையது, மேலே உள்ள கட்டடம் குடியிருப்பவர் கட்டியது. இவர்களுக்காகவே 1921-ஆம் வருஷச் சட்டம் ஒன்று உண்டு, சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். அதன் வரம்புக்குள் வரும் பழைய குடித்தனக்காரர், வெளியேற்ற வழக்கு வந்தால், மனையைத் தனக்கே விலைக்குத் தரச் சொல்லி 9ஆம் பிரிவில் மனுப் போடலாம். இங்கேதான் தவறு நடக்கிறது. சம்மன் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். ‘பெரியவர் ஊரிலிருந்து வரட்டும்’ என்று சம்மனைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தால் உரிமை போய்விடும். கோயில் நிலமாக இருந்தால் 1996 திருத்தத்துக்குப் பிறகு இந்த வழியும் அடைபட்டுவிட்டது. சம்மன் வந்த தேதியை அன்றைக்கே அதன் மேல் எழுதி வையுங்கள்.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். சாவு கானாவுக்கு என்னென்ன வேண்டும்? பாதித் தெருவை அடைக்கும் பந்தல். நாற்காலிகள், ஐஸ் பெட்டி, டேப் மேளம், டோலக், ஒரு மைக். எல்லாவற்றுக்கும் மேல், விடிய விடிய உட்கார்ந்து கேட்கும் அக்கம்பக்கம். இறந்தவர் பேர், அவர் ஓட்டிய ரிக்‌ஷா, அவர் வாங்கிக் கொடுத்த டீ எல்லாம் பாட்டில் வரும். கேட்பவருக்கு அவரைத் தெரிந்திருந்தால்தான் அந்த வரியில் அழுகை வரும். ஆக, கானாவின் பாதி பாடகரிடம், மீதி தெருவிடம். 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விதி பழையதுதான். முன்பு புகார் கொடுக்க ஆளில்லை, புகார் கொடுக்க வேண்டியவரும் பந்தலில் உட்கார்ந்திருந்தார். இப்போது நான்காவது மாடியில் காலை ஷிப்ட்டுக்கு எழ வேண்டிய ஐ.டி. ஊழியர் இருக்கிறார். அவருக்கும் தூக்கம் வேண்டும், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அதே கானா ஏசி அரங்கில் ஏழு மணிக்கு ஏறி ஒன்பதுக்கு இறங்கும்போது, இறந்தவர் அதில் இல்லை. பாடகருக்குக் கைதட்டலும் சம்பளமும் கிடைப்பது நியாயமானது, மிக நல்லது. தெருவிலிருந்து அந்தப் பாட்டை எடுத்தாகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுக்குமாடியில் சாவு விழுந்தால் இதன் மறுபக்கம் தெரியும். லிப்டில் பெட்டி நுழையாது. சமுதாயக் கூடத்தில் பிறந்தநாள் கொண்டாடலாம், பிணத்தைக் கிடத்தக் குடியிருப்போர் சங்கம் ஒப்பாது. ஸ்டில்டில், இரண்டு கார்களுக்கு நடுவே நான்கு மணி நேரம். புதிதாக வந்தவர்களுக்கும் இந்த இழப்பு உண்டு.

நினைவு பற்றி ஒன்று. ஆலைச் சுவர்களில் தொழிலாளி ஓவியம் தீட்டலாம் என்று யோசனை சொல்கிறார்கள். தீட்டட்டும். 1918 ஏப்ரல் 27 அன்று இங்கே பிறந்த சென்னைத் தொழிற்சங்கத்தையும், அதைத் தொடங்கி வளர்த்த வாடியாவையும் திரு.வி.க.வையும், செல்வபதி செட்டியாரையும் இராமானுஜலு நாயுடுவையும் தீட்டட்டும். 1921-ஐ என்ன செய்யப் போகிறோம்? அந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் சாதிச் சண்டை மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. ‘அந்தக் காலத்தில் எல்லாரும் ஒன்றாக இருந்தோம்’ என்பது முழு உண்மை அல்ல. மாட்டுக்கறி சமைப்பவருக்கு வீடில்லை என்று இன்றைக்குச் சொல்லும் வாய்க்கும் அந்த 1921-க்கும் தூரம் அதிகமில்லை. அழகான பாதியை மட்டும் சுவரில் வரைந்தால் அது விற்பனைக்கான வரலாறு. கண்ணகி நகரின் சுவர்களிலும் 2020 வாக்கில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன, நன்றாகவே இருக்கின்றன. நகரத்தின் நடுவிலிருந்து அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர்களின் பஸ் பயண நேரம் அதனால் குறையவில்லை.

கடைசியாக, கையில் எடுக்கக்கூடிய இரண்டு விஷயம்.

தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ல் மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்தலில் வர வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இட்லிக்கார அம்மாவிடம் விற்பனைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கணக்கெடுப்பில் பேர் ஏற உதவுங்கள்.

இரண்டாவது, திறந்தவெளி. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டினால், சாலை நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். சாலை போகப் பத்து ஹெக்டேர் என்றால் ஒரு ஹெக்டேர். முழு அளவுக் கால்பந்து மைதானத்துக்கு ஒரு ஹெக்டேரில் முக்கால் பங்கு கூட வேண்டாம். வியாசர்பாடிப் பிள்ளைகள் விளையாடலாம், மீதி இடத்தில் பந்தலும் போடலாம். கோளாறு நடப்பது பத்திரம் எழுதிய பிறகு. நிலம் காகிதத்தில் ஊருக்கு வந்துவிடும், தரையில் அது குடியிருப்பின் மதிலுக்குள் புல்தரையாகக் கிடக்கும், வாசலில் செக்யூரிட்டி ‘எந்த பிளாக்?’ என்று கேட்பார். ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மாநகராட்சியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தானப் பத்திரத்தின் எண்ணும் தேதியும் என்ன? அங்கீகரித்த வரைபடத்தில் அந்த நிலம் எங்கே? அதற்குப் பொதுச் சாலையிலிருந்து நேர் வழி எது? 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கு நடந்து போங்கள். மதில் குறுக்கே நின்றால் போட்டோ எடுத்து, பத்திர எண்ணோடு மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் வராதீர்கள்.

வணக்கம்.