மீதி நேரம் எங்கே போச்சு?

வணக்கம் நேயர்களே. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். போன மாதம் ஓர் அம்மா வந்தார். திருச்சியில் பேத்தி கல்யாணம், சென்னை போய் இறங்கவேண்டும். டிக்கெட்டை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"தம்பி, டர்பன்லேருந்து சென்னைக்கு எட்டரை மணி நேரம்னு பேரன் போன்ல பார்த்துச் சொன்னான். நீ என்னடான்னா ராத்திரி ஏழுக்கு ஏத்தி, மறுநாள் மத்தியானம் மூணுக்கு இறக்கிவிடுற. மீதி நேரம் எங்கே போச்சு?"

பேரன் சொன்னது பொய்யில்லை. ஒரு பூகோள உருண்டையில் டர்பனுக்கும் சென்னைக்கும் நூலை இழுத்துப் பிடித்தால் சுமார் 7,100 கிலோமீட்டர். அந்த நூல் மடகாஸ்கரின் நடுவே போய், மாலத்தீவின் வட பகுதியைத் தாண்டி, கேரளத்தில் கரையேறி, கரூர் பக்கமாகச் சென்னைக்குப் போகும். ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கிறது என்று வைத்து வகுத்து, ஏற இறங்க அரைமணி கூட்டினால் எட்டரை மணி வந்துவிடும். கணக்கு சரி. அந்த நூல் மேல் பறக்க விமானம்தான் இல்லை.

துபாய் வழியாகப் போனால் முதலில் 6,600, பிறகு 2,900. ஆக 9,500 கிலோமீட்டர். மூக்கைச் சுற்றித் தொடுகிற கதைதான். பறப்பது எட்டரையும் நாலும் பன்னிரண்டரை மணி, நடுவே காத்திருப்பு நாலு மணி, மொத்தம் பதினாறரை. இரண்டு மணி இடைவெளியில் மலிவான டிக்கெட்டும் கிடைக்கும். வயதானவர்களுக்கு அதை நான் போடுவதில்லை. முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் போதும், அடுத்ததைப் பிடிக்க ஓடவேண்டும். முழங்கால் வலிக்காரர் எப்படி ஓடுவார்? சக்கர நாற்காலியையும் டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

பதினாறரை எப்படி இருபதாகத் தெரிகிறது? இந்தியக் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி முந்தி ஓடுகிறது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சடிப்பார்கள். திரும்பும்போது அதே பதினாறரை பதின்மூன்றாகத் தெரியும். காலை பத்துக்குச் சென்னையில் ஏறினால் அன்றிரவு பதினொன்றுக்கே டர்பன்.

"அந்தக் காலத்து ஆயா தாத்தா எத்தனை நாள் வந்தாங்களோ" என்றார் அம்மா. 1860 அக்டோபரில் மதராஸிலிருந்து கிளம்பிய டுரூரோ கப்பல், 342 பேரோடு நவம்பர் 16 அன்று இங்கே வந்து சேர்ந்தது. ஐந்து வாரம்! வந்தவர்களில் பலர் கரும்புத் தோட்டத்துக்குத்தான் போனார்கள். இன்று நாம் விமானம் ஏறும் லா மெர்சியிலும் முன்பு கரும்புதான். 2010 மே மாதம் கிங் ஷாகா விமான நிலையம் திறந்தார்கள். ஓடுபாதை நீளம் 3.7 கிலோமீட்டர். பழைய நிலையத்தில் இரண்டரைகூட இல்லை.

அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பணத்தை எண்ணி வைத்தவர், பாதியில் கையை நிறுத்தினார்.

"வரும்போது பதின்மூணு மணிதானே? அதுக்கு ஏதாச்சும் குறைச்சுக்கோயேன், தம்பி."